தண்ணீர் நன்றாகவே கொதித்தது

ஜாடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கண்ணால்தான் பார்க்கிறார்கள். கண் போதாது, தோழர் விசாரணையாளரே. கண் இரக்கப்பட்டுவிடும். சுட்டுவிரலை ஜாடியின் வாய் விளிம்பில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுக் கொண்டுவர வேண்டும். பார்வைக்குத் தப்பிய சில்லு விரலுக்குத் தப்பாது. அரிசி முனை அளவுக்கு விளிம்பு பெயர்ந்திருந்தாலும் மூடி சரியாக உட்காராது. மூடி சரியாக உட்காராத ஜாடி வெறும் கண்ணாடி.

அடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் வேண்டாம். ஒரு பக்கம் தடித்து இன்னொரு பக்கம் மெலிந்திருந்தால் வேண்டாம், கொதிநீரில் அடி தனியாகக் கழன்றுவிடும். இறைச்சிக்கு அகல வாய். பழத்துக்குச் சின்ன ஜாடி, திறந்தால் ஒரே வேளையில் தீர்ந்துவிட வேண்டும். மயோனைஸ் வந்த ஜாடி, கடுகு விழுது வந்த ஜாடி, குழந்தைகளுக்கான பழக்கூழ் வந்த ஜாடி, இவையெல்லாம் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியச் செய்தவை. அவற்றில் பேனா போட்டு வைக்கலாம். நீங்கள் போட்டு வைத்திருக்கிறீர்கள், அது சரிதான்.

சலித்துக்கொள்ளாதீர்கள். என்னை நீங்கள் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். எதிர்வீட்டு நெவேனா செத்துப்போன விஷயத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாடி புரியாமல் அந்தத் திருத்தம் உங்களுக்குப் புரியாது.

என் பெயர் வெலிச்கா. ஆற்றோரத்து உணவு பதப்படுத்தும் ஆலையில் வெற்று ஜாடிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை. ஓடும் பட்டையில் ஜாடிகள் வரிசையாக நகர்ந்து வரும், பின்னால் விளக்கு எரியும், குறையுள்ளதை எடுத்து இடப்பக்கத் தொட்டியில் போட வேண்டும். என் பக்கத்தில் இருந்தவர்கள் கணவனைப் பற்றியும் காலணியைப் பற்றியும் பேசிக்கொண்டே கையை நீட்டுவார்கள். அவர்கள் விட்டதையெல்லாம் நான் எடுத்தேன். அதற்காக யாரும் என்னை விரும்பியதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் அடுக்ககத்துக்கும் நான்தான் பொறுப்பாளர். கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பெயருக்கு. வேறு யாரும் கையைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். படிக்கட்டு விளக்கு, குப்பை, தண்ணீர்க் குழாய் எல்லாம் என் தலையில். குழாய் வெடித்தால் உடனே திறக்க வேண்டுமென்று நிலவறைக் கொட்டடிகளின் மாற்றுச் சாவிகளும் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகின்றன. எல்லாரும் குளிர்காலத்துக்குப் போட்டு வைப்பதெல்லாம் அந்தக் கொட்டடிகளில்தான் இருக்கும்.

செப்டம்பர் வந்தால் எங்கள் முற்றத்தில் பெரிய இரும்புப் பீப்பாயை அடுப்பில் ஏற்றுவோம். குடைமிளகாய் சுடும் வாசனை நான்கு தெருவுக்குப் போகும். ஒவ்வொரு வீட்டு ஜாடியும் ஒரே பீப்பாயில்தான் வேகும், மூடியில் அவரவர் நிறத்தில் ஒரு பெயின்ட் பொட்டு. கீழ்வீட்டு டிமோ நெருப்பைப் பார்த்துக்கொள்வார். அதாவது கையில் ரக்கியாச் சாராயக் கிண்ணத்தோடு நெருப்பின் எதிரே உட்கார்ந்திருப்பார். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது, எந்த மூடியை மறுபடி முறுக்குவது என்பதெல்லாம் நான் சொன்னபடிதான். என் காலத்தில் அந்தப் பீப்பாயிலிருந்து வந்த ஜாடி ஒன்றுகூடக் கெட்டதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நெவேனா ஒரு வசந்த காலத்தில் எதிர்வீட்டுக்குக் குடிவந்தாள். கணவன் பிளாமென் சரக்கு லாரி ஓட்டுபவன், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். அப்போது நடக்கப் பழகிய ஒரு பெண் குழந்தை, யானா. நெவேனா முடிதிருத்தும் நிலையத்தில் வேலை பார்த்தாள். வந்த சில வாரங்களிலேயே கட்டடத்தில் பாதிப் பெண்களுக்குத் தலைமுடியின் நிறம் மாறிவிட்டது. யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள். காரணம் இல்லாமல் சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அதற்காக ஒருவருக்குக் கெடுதல் செய்கிறவள் அல்ல நான்.

முதல் செப்டம்பரில் ஒரு சாக்கு நிறைய ஜாடிகளோடு முற்றத்துக்கு வந்தாள். கொட்டினாள். எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

“இதெல்லாம் என்ன?” என்றேன்.

“ஜாடிதான்க்கா. உருண்டையா இருக்கு, மூடி இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?”

டிமோ நெருப்புக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார். “வெலிச்காகிட்டயே ஜாடியக் காட்டுறியா, பொண்ணே? நேரா ஸ்டேஷனுக்குப் போயி கைரேகை குடுத்துட்டு வந்துரு. வேலை சீக்கிரம் முடியும்.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைத் தடவிக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். அவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு பாக்க வந்த மாமியா மாதிரி பாக்குறீங்களேக்கா. பல்லையும் எண்ணுவீங்களா?”

“பல்லு இருந்தா எண்ணுவேன்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பெரும்பாலான ஜாடிகளை ஒதுக்கிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள், நன்றிகூடச் சொன்னாள். பிறகு நான் வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒதுக்கியவை எல்லாவற்றையும் நிரப்பிப் பீப்பாயில் இறக்கியிருந்தாள். டிமோவும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

“தூக்கிப்போட மனசு வரலைக்கா,” என்றாள். “பாவம், அதுங்களும் ஒரு குளிர்காலம் இருந்துட்டுப் போகட்டுமே.”

குளிர்காலம் சொல்லும் என்று விட்டுவிட்டேன்.

குளிர்காலம் ஒன்றும் சொல்லவில்லை, தோழர் விசாரணையாளரே. கடுகு ஜாடி, மயோனைஸ் ஜாடி, விளிம்பு பெயர்ந்தது, மரை தேய்ந்தது, எதுவும் கெடவில்லை. புத்தாண்டன்று ஒரு பழக்கூழ் ஜாடியில் லுதெனித்சா கொண்டுவந்து கொடுத்தாள். குடைமிளகாயையும் தக்காளியையும் நாள் முழுக்கக் கிளறிச் சுண்டவைக்கும் விழுது அது. நான் மணிக்கணக்காகக் கிளறுவேன், அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே கிளறினாள். மேல்வீட்டு ஸ்லாத்கா படிக்கட்டில் நின்று உரக்கச் சொன்னாள்: “தப்பா நினைக்காதே வெலிச்கா, இது உன்னோடதை விட ருசியாத்தான் இருக்கு.”

அதில் எனக்கு வருத்தமில்லை. ஸ்லாத்காவின் நாக்குக்குச் சூடும் ஆறியதும் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. என்னைத் தூங்கவிடாதது வேறு. ஒருவர் தவறு செய்தால் அதற்கு ஒரு விளைவு இருக்க வேண்டும். இல்லையென்றால் சரியாகச் செய்கிறவர்களெல்லாம் எதற்காகச் செய்கிறோம்? அவளை நான் வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவளுடைய ஜாடிகள் கெடாமல் இருந்ததைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடுத்த ஆண்டும் அதே சாக்கு, அதே சிரிப்பு. அந்த நவம்பரில் சாவியை எடுத்துக்கொண்டு அவளுடைய கொட்டடிக்குப் போனேன்.

நான் உள்ளே எதையும் போடவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். கையில் ஒரு கரண்டி மட்டும் இருந்தது. அதன் காம்பை மூடியின் ஓரத்தில் கொடுத்து லேசாக நெம்பினால் ஜாடி மூச்சு விடும், வெளிக்காற்று உள்ளே போகும். அதன் பிறகு மூடியை அழுத்தி வைத்துவிட்டால் பார்க்க முன்போலவே இருக்கும். நான் ஒதுக்கச் சொல்லியும் அவள் ஒதுக்காத ஜாடிகளை மட்டுமே தொட்டேன். நல்ல ஜாடிகளைத் தொடவில்லை. அந்த நியாயம் எனக்கு உண்டு. கெட வேண்டியவை கெட மறந்திருந்தன. நினைவுபடுத்தினேன்.

கிறிஸ்துமஸுக்குள் பூஞ்சை ஏறத் தொடங்கியது. அவள் ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினாள். சிரிக்கவில்லை.

“நீங்க அப்பவே சொன்னீங்கக்கா. நான்தான் கேக்கலை.”

தோழர் விசாரணையாளரே, அந்த ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவும் நினைத்தேன். ஆனால் அவள் மறுநாளே ஸ்லாத்கா வீட்டு வாசலில் நின்று அந்தக் கதையையே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நம்ம ஜாடிக்குத் தாடி முளைச்சிருச்சு,” என்று இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

மூன்றாவது செப்டம்பருக்கு முன் அவளே வந்து என்னைக் கடைக்கு அழைத்துப் போனாள். நல்ல மூடிகள் எங்கேயும் கிடைக்காத ஆண்டு அது, உங்களுக்கும் நினைவிருக்கும். என் ஆலையில் கேட்டு வாங்கித் தந்தேன். ஒவ்வொரு ஜாடியையும் நானே தேர்ந்தெடுத்தேன். அவளும் விரலால் விளிம்பைத் தடவக் கற்றுக்கொண்டாள், நன்றாகவே கற்றுக்கொண்டாள். நான் கவனிக்காத ஒரு சில்லைக்கூட ஒருமுறை கண்டுபிடித்துக் காட்டினாள். பீப்பாயில் அடுக்கியது நான். இறக்கியது நான். மூடிகளை முறுக்கியது நான். குறை சொல்ல இடமில்லாத ஜாடிகள்.

அவற்றையும் திறந்தேன். எல்லாவற்றையும் அல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாக.

ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்குள் கட்டடம் முழுவதும் நெவேனாவின் கை சரியில்லை என்று முடிவு செய்திருந்தது. நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை, அவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் தேவைப்படவுமில்லை. “சிலரு கையே அப்படித்தான்,” என்றாள் ஸ்லாத்கா. தாடிக் கதைக்கு அவளோடு சேர்ந்து சிரித்தவள் இவள்தான். “என் நாத்தனா தொட்டா பாலே திரிஞ்சிரும்.” டிமோ முற்றத்தில் உட்கார்ந்து, “நெவேனா வர்றா, ரக்கியாவ மூடி வைங்க, வினிகராப் போயிரப்போவுது,” என்பார். தலைமுடிக்குச் சாயம் போட அவளிடம் போகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். இந்த மனிதர்களின் மூளை அவ்வளவுதான். ஒரு ஜாடிப் பூஞ்சைக்கும் தலைமுடிக்கும் என்ன தொடர்பு? ஆனால் ஒருமுறை எல்லாரும் ஒன்றை நம்பிவிட்ட பிறகு அந்த ஆண்டு ஜாடிகள் நன்றாக இருந்துவிட்டால், நான் பார்த்துக்கொண்டிருந்த ஒழுங்கே பொய்யாகிவிடும்.

அவள் மறுபடி வந்தாள்.

“நீங்க சொன்னபடியேதானேக்கா செஞ்சேன்?”

“சொன்னபடி செஞ்சியா, செஞ்சதா நினைச்சுக்கிட்டியா?”

தன் சுட்டுவிரலைத் திருப்பிப் பார்த்தாள். “நினைச்சுக்கிட்டேன் போல,” என்றாள்.

அதன் பிறகு திறக்கும் ஒவ்வொரு ஜாடியையும் என்னிடம் கொண்டுவந்து மோந்து பார்க்கச் சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் நன்றாக இருந்த ஒரு ஜாடியை அவள் மூக்கருகே பிடித்து, “இந்த வாசம் உனக்குத் தெரியலையா?” என்று கேட்டேன். “தெரியலையேக்கா,” என்றாள். “தெரியாது. அதுதான் பிரச்சினையே,” என்றேன். அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள். இன்னொரு நாள் ஒன்று புளித்துவிட்டது என்று பயந்து வந்தாள். அது நன்றாகத்தான் இருந்தது, அவள் எதிரிலேயே ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றோடு தன் மூக்கை நம்புவதை விட்டுவிட்டாள். அது ஒரு விளையாட்டு என்று நினைக்காதீர்கள். எனக்கு விளையாட்டில் ஈடுபாடு இருந்ததில்லை.

டிசம்பரில் பன்றி அடித்தோம். பனியில் மறுபடி பீப்பாயை ஏற்றி எல்லார் வீட்டு இறைச்சியையும் அடைத்தோம். ஜனவரியில் அவளுடைய இறைச்சி ஜாடிகளில் ஒன்றைத் திறந்து மூடினேன்.

பிப்ரவரியில் யானாவுக்கு வாந்தி. அவள் பகலில் போகும் குழந்தைகள் காப்பகத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் வாந்திதான், அங்கே சமையல் செய்பவள் ரொட்டிக்கடை வரிசையில் என்னிடம் சொல்லியிருந்தாள். பிளாமென் வெளியூரில் இருந்தான். நெவேனா ஓடிவந்து என்னைக் கூட்டிப் போனாள். குழந்தை வெளுத்துப்போய்ப் படுத்திருந்தது.

“நேத்து என்ன குடுத்தே?” என்று கேட்டேன்.

“பேரிக்கா. ஜாடியில போட்டது.” பிறகு, “நான்தானாக்கா?” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் யானா எழுந்து விளையாட ஆரம்பித்தாள். தாய் எழவில்லை. கையைக் கழுவிக் கழுவிப் புறங்கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. முடிதிருத்தும் நிலையத்தில் அந்தக் கையோடு வராதே என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு வெந்த உருளைக்கிழங்கு தவிர எதையும் கொடுக்கமாட்டாள், அதையும் பலமுறை வேகவைத்துக் கரைந்துபோன பிறகு வடிகட்டிக் கொடுப்பாள். தானும் சாப்பிடுவதில்லை. நடந்து போனால் கோட்டு மட்டும் நடந்து போவது போல் இருந்தது.

பிளாமென் வந்து பார்த்துவிட்டு என் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். முரட்டு ஆள், அழுதுவிடுவான் போலிருந்தது.

“அக்கா, யானா கொஞ்ச நாள் உங்ககிட்டயே சாப்பிடட்டும். இவ தண்ணியக்கூடச் சந்தேகப்படுறா. ரோட்டுல வண்டி ஓட்டிக்கிட்டு நான் எத்தனையத்தான் நினைக்கிறது?”

“கொண்டாந்து விடு,” என்றேன்.

என் வீட்டு மேசையில் அதற்கு முன் குழந்தை உட்கார்ந்ததில்லை. ஒரு தலையணையைப் போட்டு உயரமாக்கினேன். எலுமிச்சை பிழிந்த கோழி சூப், தயிர், என் பிளம் ஜாம். எல்லாம் சாப்பிட்டாள். இன்னும் என்று தட்டை நீட்டினாள். ஒரு மாதத்தில் கன்னம் வந்துவிட்டது. கெட்ட குழந்தையல்ல, வளர்ப்பில்தான் குறை. வாயில் உணவோடு பேசும் பழக்கத்தை நிறுத்தினேன். கேள்விமேல் கேள்வி கேட்பதையும் குறைத்தேன்.

சாப்பாட்டு வேளையில் நெவேனா வாசலுக்கு வந்து நிற்பாள். உள்ளே வரமாட்டாள்.

“நான் பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேனேக்கா.”

“நீ பாத்தா அவ சாப்பிட மாட்டா,” என்பேன். போய்விடுவாள். எதிர்க்கதவு மெல்ல மூடுவது கேட்கும்.

ஏப்ரலில் ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். நெடுநாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. எனக்குச் சற்று அசௌகரியமாக இருந்தது.

“ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன்க்கா. எந்த ஜாடியத் தொறந்தாலும் மொதல்ல நான் சாப்பிடுவேன். ரெண்டு நாள் பாப்பேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா யானாவுக்குக் குடுப்பேன். எப்படி?”

முட்டாள்தனம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் ஜாடிக்குள் இருப்பது அப்படியே இருக்குமா? ஆனால் சொல்லவில்லை. அவள் அப்படியே செய்தாள். தக்காளி சாப்பிட்டாள், ஒன்றுமில்லை. பீன்ஸ், பிளம், ஒன்றுமில்லை. முகத்தில் நிறம் வந்தது. புறங்கை ஆறத் தொடங்கியது. தெருவிலேயே டிமோவுக்குத் துண்டு போர்த்தி முடி வெட்டிவிட்டாள், அவரும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கவில்லையே, அதனால் நல்ல ஜாடிகளே அவள் கையில் வந்துகொண்டிருந்தன. பிளாமென் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, “ஞாயித்துக்கிழமையிலருந்து யானா வீட்டுலயே சாப்பிடுவா அக்கா. உங்களுக்கும் சிரமம் குறையும். நீங்க செஞ்சத நாங்க மறக்கமாட்டோம்,” என்றான்.

நல்ல செய்தி என்று சொன்னேன். அன்று மாலையே அவன் லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம். யானா என் மேசையில் இருந்தாள். கதவு தட்டப்பட்டது. நெவேனா கையில் திறந்த ஜாடி. இறைச்சி.

“இத மட்டும் மோந்து பாருங்கக்கா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஆனா என் மூக்கத்தான் நம்ப முடியாதே, உங்களுக்குத் தெரியுமே.”

வாங்கிப் பார்த்தேன். என் கை தேர்ந்தெடுத்த ஜாடி அது. அகல வாய், சீரான கண்ணாடி, அந்த ஆண்டு நான் பார்த்தவற்றில் மிக நல்லது. மூக்கருகே கொண்டுபோனேன். எனக்கு மூக்கு சரியாக இருக்கிறது.

“நல்லாத்தான் இருக்கு. மிளகாய்த்தூள் வாசம்,” என்றேன்.

உள்ளேயிருந்து யானா எட்டிப் பார்த்தாள். “அம்மா, எனக்கு?”

“மொதல்ல அம்மா. ஞாயித்துக்கிழமை நீ,” என்றாள் நெவேனா. என்னைப் பார்த்து, “நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்க்கா,” என்றாள். ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

குழந்தைக்கு ஆபத்து இல்லை. அதை நான் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தாய் அதை அவளுக்குக் கொடுக்கமாட்டாள். கொஞ்சம் வயிற்றைப் புரட்டும், அவளுக்குத் தன் கை எப்படிப்பட்டது என்று ஒரேயடியாகப் புரியும், யானா இருக்கும் இடத்திலேயே சாப்பிடுவாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆலையில் கெட்ட இறைச்சி என்ன செய்யும் என்று ஆண்டுதோறும் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்கள். நான் முன்வரிசையில் உட்காருவேன்.

அன்று இரவே தொடங்கிவிட்டது. ஆம்புலன்சுக்குத் தொலைபேசியில் சொன்னது நான்தான். தாமதிக்கவில்லை என்பதற்கு டிமோ சாட்சி. தாக்குப்பிடிக்க உடம்பில் ஒன்றுமே இல்லை என்றார் மருத்துவர். பிளாமென் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதுவரை உங்களிடம் இருக்கும் கதையில் தவறில்லை. மனநிலை சரியில்லாத பெண், கெட்ட ஜாடி, துரதிர்ஷ்டம். அப்படியே விட்டிருந்தால் நானும் வந்திருக்கமாட்டேன். ஆனால் சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். சின்னப் பையன்கள். அந்த ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், விளிம்பை ஒருவன்கூட விரலால் தொடவில்லை. பிறகு எங்கள் வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். முற்றத்துப் பீப்பாயில் ஜாடிகள் போதுமான அளவு கொதிக்கவைக்கப்படவில்லையாம். மேற்பார்வை பார்த்தவரின் கவனக்குறைவாம். இனி அங்கே அடைக்கக் கூடாதாம்.

அந்தத் தாளை எல்லாரும் நின்று படித்தார்கள். ஸ்லாத்கா என் எதிரிலேயே தன் ஜாடிகளைக் கூடை கூடையாகக் குப்பைமேட்டில் கொட்டினாள். “உன்னை நம்பித்தானே வெலிச்கா இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்கு ஊட்டினோம்,” என்றாள். தாளிப்புக்கும் கருகலுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்னிடம் அதைச் சொல்கிறாள். டிமோ பீப்பாயைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். நான் கடந்து போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆகவே திருத்தம் இதுதான். தண்ணீர் நன்றாகவே கொதித்தது. வேண்டிய நேரம் கொதித்தது, அதற்கு மேலும் கொதித்தது. ஜாடியில் குறையில்லை, மூடியில் குறையில்லை, முறுக்கியதில் குறையில்லை. அந்த மூடி தானாகத் திறந்துகொள்ளவில்லை. ஜனவரியில் நான் என் கையால் திறந்து மூடினேன். அது கெட்டுவிட்டது என்று வாசலில் மோந்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் நல்லது என்றேன். இதை அப்படியே எழுதி, கதவில் ஒட்டியிருக்கும் தாளை எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக இதை ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். யானா இன்னும் என்னிடம்தான் சாப்பிடுகிறாள், பிளாமெனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது, இறக்கிவைக்க ஸ்லாத்காவிடம் சொன்னேன், அவள் மறந்துவிடுவாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நீங்கள் என்னை நம்புகிறீர்களா என்று தெரியவில்லை. இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? வேண்டுமானால் கட்டடத்தில் விசாரியுங்கள், ஆனால் பயனில்லை, அவர்கள் எல்லாரும் இப்போது மாற்றித்தான் சொல்வார்கள். என் வார்த்தையை ஒருநாளும் சந்தேகிக்காதவள் நெவேனா ஒருத்திதான். அவள் இருந்திருந்தால் எனக்காக வந்து சொல்லியிருப்பாள்.